உறங்கும் விதி

உதைபந்தாட்டத்திலே ஓரணியின் பதினொருவருள் ஒருவருக்கே கையுண்டு. ஏனைய பத்துப் பேரும் கையிருந்தும் இல்லாதவர்களே. கோல் காப்பாளர் எனப்படும் அந்த ஒருவர், தமக்கென வகுக்கப்பட்ட பெனால்டி எல்லைக்குள்ளே பந்தைக் கையாற் பற்றலாம். பற்றிய பின்னர் எதிரணியினர் எவரும் அதனை அவரிடமிருந்து பறிக்க முயலக்கூடாது. பந்து அவர் கையிலிருக்கும்போதும் ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது என்பது சட்டம். ஆட்டம் நின்றுவிட்டது என்பது உண்மை. மணிக்கூடு மாத்திரம் ஓடுகிறது. சட்டத்துக்கும் உண்மைக்கும் நடுவேயுள்ள இந்தச் சிறிய இடைவெளியில் ஒரு பழைய வினா கிடக்கிறது: பிறர் தொடமுடியாத ஒன்றை வைத்திருப்பவர் அதனை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம்?

ஆறு வினாடி என்று 2000ஆம் ஆண்டில் விடை எழுதப்பட்டது. 2025இல் அவ்விடை எட்டு வினாடியாக மாற்றப்பட்டது. மீறியோருக்கான தண்டனையும் குறைக்கப்பட்டது. நேரத்தைக் கூட்டித் தண்டனையைக் குறைத்தமையால் விதி தளர்ந்துவிட்டது என்றே முதற்பார்வையில் தோன்றும். உண்மையில் அவ்விதி மைதானத்துக்கு வந்ததே 2025இலேதான். அதற்கு முந்திய இருபத்தைந்து ஆண்டுகளும் அது பெரும்பாலும் ஏட்டிலேயே கிடந்தது. அந்த இருபத்தைந்து ஆண்டுகளைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். நடைமுறையில் இல்லாத விதி எவருக்கும் தீங்கு செய்யாது; அது சற்றுக் கருணையான விதியுங்கூட என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். அவ்வெண்ணம் பிழையானது என்பது என் துணிபு.

கோல் காப்பாளரின் சலுகை ஒரே நாளில் உண்டானதன்று. அவர் கையைப் பயன்படுத்தும் உரிமை 1912ஆம் ஆண்டிலேதான் பெனால்டி எல்லைக்குள் அடக்கப்பட்டது; அதற்குமுன் மைதானத்தின் தம் பாதி முழுவதிலும் அவர் பந்தைக் கையாளலாம். ஆனால் அக்காலத்து உரிமைக்கு ஒரு விலையும் இருந்தது. பந்தை வைத்திருக்கும் காப்பாளரை எதிரணியினர் தோளால் இடித்துத் தள்ளலாம். 1958இல் நடைபெற்ற இங்கிலாந்துக் கிண்ண இறுதியாட்டத்தில், போல்ரன் அணியின் நற் லொப்ற்ஹவுஸ், மான்செஸ்ரர் யுனைற்றெட் காப்பாளர் ஹரி கிறெக்கைப் பந்தோடு சேர்த்துக் கோட்டுக்கு அப்பால் இடித்துத் தள்ளினார். அது கோல் என்றே ஏற்கப்பட்டது. இடிபடலாம் என்ற அச்சம் உள்ளவர் பந்தை அணைத்துக்கொண்டு நெடுநேரம் நிற்கமாட்டார். பின்வந்த ஆண்டுகளில் இத்தகைய இடிகளை மத்தியஸ்தர்கள் பொறுப்பது குறைந்தது. காப்பாளரின் உடல் காக்கப்பட்டது. அது நாகரிகத்தின் வளர்ச்சி. அதனைக் குறைகூற எவரும் துணியார். ஆயின், உடலைக் காப்பதற்கு எழுப்பிய வேலிக்குள்ளே பந்தும் அகப்பட்டுக்கொண்டது. உரிமை எஞ்சியிருக்க, அதற்கான விலை மாத்திரம் மறைந்தது.

எனவே வேறு வகையில் எல்லையிட வேண்டியதாயிற்று. முதலில் நேரத்தை எண்ணாமல் அடியை எண்ணினார்கள். பந்தைச் சுமந்துகொண்டு இரண்டடிதான் வைக்கலாம் என்றிருந்த விதி 1931இல் நான்கடியாயிற்று. அடியை எண்ணினால், அடி வையாமலே நிற்கலாம். பந்தைத் தரையிலே உருட்டிவிட்டுப் பின் எடுக்கலாம். அருகில் நிற்கும் தம்மவர் காலுக்குத் தள்ளி, அவர் திருப்பித் தர, மீண்டும் கையிலெடுக்கலாம். விதியின் எழுத்துக்குப் பங்கமில்லை. தம்மவர் காலால் வேண்டுமென்றே திருப்பித் தரும் பந்தைக் கையால் எடுக்கலாகாது என்ற தடை 1992இல் வந்தது. 1990ஆம் ஆண்டு இத்தாலியில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியின் சோர்ந்த ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்கு அதன் காரணத்தை விளக்கவேண்டியதில்லை. 2000இல் நான்கடி விதி கைவிடப்பட்டு, அவ்விடத்தை ஆறு வினாடி விதி பிடித்தது.

விதி நல்ல விதி. தொண்ணூறு நிமிடம் என்பது இரண்டு அணிகளுக்கும் பொதுவான சொத்து. அதில் ஒரு பகுதியை, எவரும் நெருங்கமுடியாத வேலிக்குள் நின்றுகொண்டு, ஒருவர் தம் விருப்பப்படி செலவிடுவது பொதுச் சொத்தைத் தனியுடைமையாக்குவதே. இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். இடதுசாரி நண்பர்களிடமிருந்தே எழலாம். காலத்தை இழுத்தடிப்பது வலுவற்ற அணியின் ஆயுதமன்றோ? பணக்கார அணி விலைகொடுத்து வாங்கிய வீரர்களோடு வருகிறது. ஏழை அணிக்குப் பொறுமையையும் தாமதத்தையும் விட்டால் வேறென்ன உண்டு? தொழிலாளர் வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்து முதலாளியைப் பணியவைப்பதில்லையா? ஆட்டம் விரைவாக ஓடவேண்டும் என்று துடிப்பது தொலைக்காட்சி வியாபாரமேயன்றி வேறில்லை.

இம்மறுப்பில் உண்மை இல்லாமலில்லை. விதியை வகுக்கும் சபையின் அமைப்பைப் பார்த்தாலே போதும். 1886இல் இங்கிலாந்து, ஸ்கொத்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆகியவற்றின் சங்கங்கள் கூடி அமைத்த அச்சபையிலே, இன்றைக்கும் பிரித்தானியத் தீவுகளின் நான்கு சங்கங்களுக்கு ஆளுக்கொரு வாக்கும், உலகின் ஏனைய நாடுகள் எல்லாவற்றுக்குமாகச் சர்வதேச சம்மேளனமாகிய பீபாவுக்கு நான்கு வாக்கும் உள்ளன. எந்த மாற்றத்துக்கும் எட்டில் ஆறு வாக்கு வேண்டும். ஆபிரிக்காவின் தெருக்களிலும் பிரேசிலின் சேரிகளிலும் விளையாடப்படும் ஆட்டத்தின் விதி இவ்வாறு தீர்மானிக்கப்படுகிறது. பேரரசு போய்விட்டது, வாக்கு போகவில்லை.

இருப்பினும் தொழிலாளியின் உவமை இங்கே பொருந்தாது என்றே கருதுகிறேன். மெதுவாக வேலை செய்யும் தொழிலாளி தாம் விற்கும் தமது நேரத்தையே பிடித்துவைக்கிறார். பந்தை அணைத்து நிற்கும் காப்பாளரோ எதிரணியின் நேரத்தையும் சேர்த்துப் பிடித்துவைக்கிறார். மேலும், இழுத்தடிப்பவர் எப்பொழுதும் வலியற்றவர் அல்லர். அந்நேரத்தில் முன்னணியில் நிற்பவர் எவரோ அவரே. ஒரு கோல் முன்னணியில் நிற்கும் செல்வந்த அணியின் காப்பாளரும் பந்தின்மேல் விழுந்து படுத்து, மெல்ல எழுந்து, காலுறையைச் சரிசெய்வதை எவர் பார்த்ததில்லை?

ஆகவே விதியிற் குறையில்லை. குறை தண்டனையில் இருந்தது. ஆறு வினாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்கு அந்த இடத்திலேயே ஒரு தனியுதை என்றது சட்டம். நேரே கோலுக்குள் அடிக்கமுடியாத உதைதான். இன்னொருவர் தொட்ட பின்பே கோலாகும். ஆயினும் கோலிலிருந்து சில யார் தூரத்தில், பெனால்டி எல்லைக்குள்ளே, முழு அணியும் கோட்டின்மேல் சுவராய் நிற்க, அடிக்கப்படும் உதை அது. இரண்டு வினாடித் தாமதத்துக்கு ஒரு கோலை விலையாகக் கேட்பது போன்ற தண்டனை. எந்த மத்தியஸ்தருக்கும் அதனை விதிக்க மனம் வரவில்லை. பத்து வினாடி போயிற்று, பன்னிரண்டு போயிற்று, பார்த்தும் பாராதிருந்தனர். சற்று விரைவாக என்று கையசைத்தார்கள்; அவ்வளவுதான். ஆறு வினாடி என்ற எண் எல்லோருக்கும் தெரிந்ததாகவும் எவருக்கும் பொருந்தாததாகவும் ஆயிற்று.

தண்டனை கடுமையாக இருந்தால் விதி வலுப்பெறும் என்ற நம்பிக்கை பழையது. அது எத்தகைய பொய் என்பதற்கு இங்கிலாந்தின் பதினெட்டாம் நூற்றாண்டே சான்று. உடைமையாளர்களின் பாராளுமன்றம் சட்டத்தின்மேற் சட்டமாக இயற்றி, இருநூறுக்கு மேற்பட்ட குற்றங்களுக்குத் தூக்கை விதித்துவைத்தது. குடியிருப்பு வீட்டிலிருந்து நாற்பது சிலிங் பெறுமதியான பொருளைத் திருடியவனுக்கு மரணம். ஜூரிமார் என்ன செய்தார்கள்? களவுபோன பொருள் எத்துணை பெறுமதியாயினும் முப்பத்தொன்பது சிலிங் என்று மதிப்பிட்டு, மனமறியப் பொய் சொல்லி, குற்றவாளியின் கழுத்தைக் காத்தார்கள். மனிதத்தன்மையுள்ள பொய்தான் அது. ஆனால் அந்தப் பொய் எல்லோருக்கும் கிட்டவில்லை. ஜூரியின் இரக்கத்தைப் பெற்றவன் பிழைத்தான், பெறாதவன் தூங்கினான். குற்றம் ஒன்று, சட்டம் ஒன்று. வேறுபட்டது பார்ப்பவரின் மனம் மாத்திரமே. தண்டனையின் கொடுமையன்று, அது தவறாது வரும் என்ற உறுதியே குற்றத்தைத் தடுக்கும் என்று 1764இல் இத்தாலிய அறிஞர் பெக்காரியா எழுதியதைச் சட்டம் இயற்றுவோர் காதில் வாங்குவதற்கு நெடுங்காலம் சென்றது.

உதைபந்தாட்டத்திலும் உறங்கிய விதி ஒருநாள் விழித்தது. 2012ஆம் ஆண்டு ஓகஸ்ட் 6ஆந் திகதி, இலண்டன் ஒலிம்பிக் மகளிர் அரையிறுதியாட்டம், மான்செஸ்ரர் நகரின் ஓல்ட் ரபோர்ட் மைதானத்தில் நடந்தது. ஒரு பக்கம் அமெரிக்க ஐக்கிய நாடுகள். மறுபக்கம் அதன் அயல்நாடான கனடா. அமெரிக்காவோ பலமுறை வென்ற பேரணி. கனடாவோ அதன் நிழலில் நெடுங்காலம் நின்ற அணி. அன்று கனடாவின் தலைவி கிறிஸ்ரின் சின்கிளயர் மூன்று கோல் அடித்தார். ஆட்டம் முடியச் சிறிது நேரமே இருக்கையில் 3-2 என்று கனடா முன்னணியில் நின்றது. கனடாவின் காப்பாளர் எரின் மக்லியொட் பந்தைப் பிடித்தார். ஆறு வினாடிக்கு மேல் வைத்திருந்தார். நோர்வே நாட்டைச் சேர்ந்த மத்தியஸ்தர் கிறிஸ்ரினா பெடர்சன் ஊதினார், தனியுதை கொடுத்தார். அமெரிக்கர் அடித்த பந்து கனடா வீராங்கனை ஒருவரின் கையிற் பட்டது. உடனே பெனால்டி. எண்பதாவது நிமிடத்தில் அபி வொம்பாக் அதனைக் கோலாக்கினார். ஆட்டம் சமநிலையாகி மேலதிக நேரத்துக்குச் சென்றது. அதன் கடைசி வினாடிகளில் அலெக்ஸ் மோகன் தலையால் முட்டி நான்காவது கோலைப் போட்டார். அமெரிக்கா இறுதியாட்டத்துக்குச் சென்று தங்கம் வென்றது. கனடா வெண்கலத்தோடு திரும்பியது. ஆட்டத்தின்பின் மத்தியஸ்தரைக் குறைகூறிய சின்கிளயருக்குப் பின்னர் நான்கு ஆட்டங்களில் விளையாடத் தடையும் விதிக்கப்பட்டது.

இங்கே கனடாவுக்கு அநீதி நிகழ்ந்ததா? நேர்மையோடு விடை சொல்ல முயன்றால் எளிதாக இல்லை. மத்தியஸ்தர் இல்லாத விதியை உண்டாக்கவில்லை. இருந்த விதியையே நிறைவேற்றினார். இடைவேளையில் துணை மத்தியஸ்தர் ஒருவர் தாமதிக்கவேண்டாம் என்று மக்லியொட்டுக்குச் சொல்லியும் இருந்தார். குற்றம் செய்தவர் குற்றவாளியே; ஏனையோர் தப்பினர் என்பதால் அவர் நிரபராதியாகிவிடுவாரா? களவு செய்தவன் நீதிமன்றத்திலே நின்று, என் ஊரிற் களவு செய்யாதார் எவர் என்று கேட்டால் விடுவிப்பார்களா?

இவ்வாதம் வன்மையானது, ஆனால் ஒரு முக்கியமான வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. களவு செய்தவன் தப்பினால், அவன் பிடிபடாமையாலே தப்பினான். பத்து வினாடி பந்தை வைத்திருந்த காப்பாளர்களோ மத்தியஸ்தரின் கண்முன்னே, பல்லாயிரம் பேர் பார்த்திருக்கத் தப்பினார்கள். ஒருநாளன்று, ஆண்டுக்கணக்காக. பார்த்திருந்தும் தண்டியாமை ஒரு மௌனமான வாக்குறுதி. இவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்று சொல்லாற் சொல்லாமல் நடத்தையாற் சொல்லிக்கொடுத்தவர்கள் மத்தியஸ்தர்களே. எழுதிய விதியைவிட நடந்த விதியையே மனிதர் கற்றுக்கொள்கிறார்கள். அவ்வாறு கற்பித்துவிட்டு, உலகமே பார்க்கும் ஓர் அரையிறுதியின் கடைசிக் கட்டத்திலே, முன்னறிவிப்பாக ஓர் இடைவேளைச் சொல்லைத் தவிர வேறெதுவுமின்றிப் பழைய ஏட்டைத் திறப்பது, சட்டப்படி சரி; நியாயப்படி சரியன்று. இரண்டும் ஒன்றென்று நினைப்பவர்கள் இந்த நாட்டில் அதிகமில்லை என்று நம்புகிறேன்.

இன்னுமொன்று. அந்த ஆட்டத்திலே விதி தானாக விழிக்கவில்லை, எழுப்பப்பட்டது. கனடாவின் காப்பாளர் பந்தைப் பிடித்தபோதெல்லாம், மத்தியஸ்தருக்கு அருகில் நின்று, அவர் காதிற்படும்படி உரக்க வினாடிகளை எண்ணியதாக வொம்பாக்கே பின்னர் கூறினார். அதில் சட்டமீறல் எதுவுமில்லை, கெட்டித்தனந்தான். ஆயினும் உறங்கும் விதியின் இயல்பை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சியை நான் அறியேன். அது எல்லோருக்குமாக விழிப்பதில்லை. அதிகாரத்தின் காதருகே நின்று எண்ணத் தெரிந்தவருக்காகவே விழிக்கிறது.

மைதானத்தை விட்டு வீதிக்கு வந்தாலும் நிலைமை இதுவே. பிரித்தானியர் 1841இல் இலங்கையில் இயற்றிய அலைந்து திரிவோர் பற்றிய கட்டளைச் சட்டம், அவர்கள் கப்பலேறிய பின்னும் நம்மோடு தங்கியது. உழைக்கும் வலுவிருந்தும் உழையாது திரிவது அதன்படி குற்றம். மாலை நேரத்தில் கடற்கரையிலே வேலையின்றி உலாவும் செல்வர் வீட்டுப் பிள்ளையைப் பார்த்து அச்சட்டம் எழுந்ததுண்டா? இரந்துண்பவரையும், வீதியோரத்துப் பாலியல் தொழிலாளப் பெண்களையும் கண்டபோதே அதற்கு விழிப்பு வந்தது. எழுத்தளவில் அது எல்லோருக்கும் பொதுவான சட்டம். நூறு பேருக்குப் பொதுவான சட்டம் தொண்ணூறு பேர்மீது உறங்கிப் பத்துப் பேர்மீது விழிக்குமாயின், அது அந்தப் பத்துப் பேருக்கென்றே எழுதிய சட்டந்தான்; எழுதியவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை என்பதே வேற்றுமை.

ஆசிரியர்களாகிய நாமும் இதில் கை கழுவிக்கொள்ள முடியாது. வகுப்புச் சுவர்களில் நாம் ஒட்டிவைக்கும் விதிகளை எண்ணிப் பாருங்கள். மணியடித்தபின் வருபவன் வாயிலில் நிற்கவேண்டும் என்று எழுதிவைக்கிறோம். மழைநாள், பஸ் தாமதம், வீட்டில் நோய் என்று நாள்தோறும் பலரை உள்ளே விடுகிறோம், அது இரக்கம். பின்பு ஒருநாள் நமக்குத் தலைவலி. அன்று வரும் பையனுக்கு விதி முழுமையாகப் பொருந்துகிறது. அவன் அப்பாவைப் பாடசாலைக்கு வரவழைத்துப் பேசவைக்க வசதியற்றவனாயின், இன்னும் முழுமையாகப் பொருந்துகிறது. விதி தவறன்று, அவன் பிந்தி வந்ததும் பொய்யன்று. ஆயினும் அவன் கற்றுக்கொள்வது நேரந்தவறாமையை அன்று. ஆசிரியரின் முகத்தைப் படிப்பதையே. வளர்ந்தபின் அலுவலகத்திலும் பொலிஸ் நிலையத்திலும் அவனுக்குப் பயன்படப்போவதும் அந்தப் படிப்புத்தான் என்று ஒரு நண்பர் கசப்போடு சொல்வதுண்டு.

அப்படியாயின் விதியை விடாப்பிடியாக நிறைவேற்றுவதே வழியா? கடுந்தண்டனையை எல்லோர்மீதும் ஒரேயளவாய்ச் சுமத்தினால் அது சமத்துவமாகும், நீதியாகாது. முப்பத்தொன்பது சிலிங் என்று பொய் சொன்ன ஜூரிமாரைக் குறைகூறி, எல்லோரையும் தூக்கிலிட்டிருக்கவேண்டும் என்று எவர் சொல்வார்? மத்தியஸ்தர்களின் கண்மூடலும் அதே வகையிலான இரக்கமே. இரக்கத்தைப் பழிப்பதற்கில்லை, ஆனால் தண்டனையைத் தாங்கத்தக்கதாக்கும் கடமை விதி எழுதியவருடையது. அவர் அதைச் செய்யாது விட்டமையாலேயே, இரக்கங்காட்டும் பாரம் நிறைவேற்றுபவரின் தோளில் விழுந்தது. அங்கே விழுந்த இரக்கம் அதிகாரமாக மாறியது. இவரை விடலாம், அவரைப் பிடிக்கலாம் என்று தெரிவுசெய்யும் உரிமையை எந்தப் பெயரால் அழைத்தாலும் அது அதிகாரமே.

2025ஆம் ஆண்டு மார்ச் முதலாந் திகதி பெல்பாஸ்ற் நகரிற் கூடிய சட்டசபை செய்த மாற்றத்தை இந்த நோக்கிலேயே நான் வரவேற்கிறேன். நேரம் எட்டு வினாடி. மீறினால் எதிரணிக்கு மூலை உதை. பெனால்டி எல்லைக்குள்ளே தரப்படும் தனியுதை அன்று. மூலை உதை இழப்புத்தான்; ஆனால் ஓர் ஆட்டத்திற் பலமுறை நிகழும் சாதாரண இழப்பு. அதனை விதிக்கும் மத்தியஸ்தருக்கு இரவிலே உறக்கம் கெடாது. பரீட்சார்த்தமாக இவ்விதியைக் கையாண்ட நூற்றுக்கணக்கான ஆட்டங்களில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே தண்டிக்கப்பட்டனர். இதே விதி, அவ்வாண்டு ஜூன் மாதம் அமெரிக்காவில் நடந்த கழகங்களின் உலகக் கிண்ணத்திலே, தென்னாபிரிக்காவின் மமெலோடி சண்டவுன்ஸ் காப்பாளர் றொன்வென் வில்லியம்ஸ் மீது பாய்ந்தது. எதிரணியான தென்கொரியாவின் உல்சானுக்கு மூலை உதை கிடைத்தது. அதனால் கோல் விழவில்லை. சண்டவுன்ஸ் 1-0 என்று வென்றது. குற்றம் நடந்தது, தண்டனை வந்தது, ஆட்டம் தொடர்ந்தது. எவருடைய வாழ்வும் குலையவில்லை. இதைப் பற்றி எழுதுவதற்கு அதிகமில்லை என்பதே அவ்விதியின் சிறப்பு.

தண்டனை குறைந்ததைவிட என்னைக் கவர்ந்தது இன்னொன்று. கடைசி ஐந்து வினாடிகளை மத்தியஸ்தர் தம் கையை உயர்த்தி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, எல்லோரும் காணும்படி எண்ணவேண்டும். 2012இல் எண்ணிக்கை மூன்று இடங்களில் நடந்தது: மத்தியஸ்தரின் மனத்திலே, வொம்பாக்கின் வாயிலே, மக்லியொட்டின் ஊகத்திலே. மூன்றும் ஒன்றல்ல. இப்பொழுதோ எண்ணிக்கை ஒன்றே; தண்டிக்கப்படப்போகிறவர் கண்முன்னே அது நடக்கிறது. இன்னும் மூன்று, இன்னும் இரண்டு என்று பார்த்துத் தம்மைத் திருத்திக்கொள்ள அவருக்கு வழியிருக்கிறது. காதருகே நின்று எண்ணுபவருக்கு இனி வேலையில்லை. நம் நாட்டு அலுவலகங்களிலே, நமது விண்ணப்பம் எந்த மேசையில் எத்தனையாவது நாளாகக் கிடக்கிறது என்பதை இவ்வாறு ஒரு கை உயர்த்திக் காட்டுமானால் எத்தனை பேர் தரகருக்குக் கொடுக்கும் காசு மிச்சப்படும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

எனினும் இம்மாற்றத்தை அளவுக்கு மீறிப் புகழவும் நான் ஆயத்தமில்லை. எட்டு வினாடியில் ஐந்துதான் விரலிலே தெரிகிறது. முதல் மூன்றும் இன்னும் மத்தியஸ்தரின் மனத்துக்குள்ளேயே இருக்கின்றன. பந்து காப்பாளரின் முழுக் கட்டுப்பாட்டில் எப்பொழுது வந்தது என்று தீர்மானிப்பவரும் அவரே. காப்பாளர் பந்தின்மேல் விழுந்து கிடக்கும்போது எண்ணத் தொடங்குவாரா, எழுந்து நின்றபின் தொடங்குவாரா? இதற்குள்ளே நான்கு வினாடியை ஒளித்துவைக்கலாம், கெட்டிக்காரர் ஒளிப்பர். ஆறு வினாடி விதியும் புதிதாக இருக்கையில் கண்டிப்போடுதான் பேசப்பட்டது. சுற்றுப்போட்டியின் முதலாம் நாளில், எவருக்கும் பெரிய இழப்பில்லாத ஆட்டத்தில் உயர்ந்த கை, இறுதியாட்டத்தின் தொண்ணூறாவது நிமிடத்தில், செல்வமும் செல்வாக்கும் மிக்க கழகத்தின் காப்பாளர் பந்தை அணைத்து நிற்கும்போதும் அதே வேகத்தில் உயருமா என்பதை இனிவரும் ஆண்டுகளில் நாம் மணிக்கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கவேண்டியிருக்கிறது.